நிழலில்லாத குற்றம்: ‘வெக்கை’யும் ‘அசுர’னும்

1

வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து, தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் தன் மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவன். அரை நிமிடத் துண்டுப்படம். முகமெல்லாம் ரத்தமாக தனுஷ், கையில் ஈட்டி, சுற்றிலும் விழுகிற ஆட்கள். ‘அசுரன்’தான். ஆனால் பின்னால் ஓடிய பாட்டு அந்தப் படத்துப் பாட்டு இல்லை. அவன் சாதிச் சங்க விழாக்களில் ஒலிபெருக்கி கட்டிப் போடுகிற பாட்டு. படத்தில் வடக்கூரான் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தில் பிறந்த பையன் அவன்.

“எப்பிடி இருக்கு அண்ணாச்சி? மாஸா இருக்குல்லா?”

“படத்த முழுசா பாத்தியாலே?”

“பாக்காம? அஞ்சு தடவ.”

“இதுல யாரு யார அடிக்கான்னு தெரியும்லா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “எவன் எவன அடிச்சாலும், அடிக்கவன் நம்மாளுதான் அண்ணாச்சி.”

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ‘ரசிகன் பிரதியைத் தவறாக வாசித்துவிட்டான்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இது கைவந்த கலை. தவறு எப்போதும் வாசகனுடையது, பிரதி குற்றமற்றது! எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் அந்தத் துண்டைப் படத்திலிருந்து பலவந்தமாகப் பிய்த்து எடுக்கவில்லை. அது பிரிந்து வருவதற்குத் தயாராகவே இருந்தது. பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து (1982) இப்படி ஒரு துண்டைப் பிரித்தெடுத்து, அதற்கு வேறொரு சாதியின் பாட்டைப் போட முடியுமா? முடியாது என்பதே என் வாதம். ஏன் முடியாது, படமாகும்போது எங்கே அந்தத் தையல் விட்டது என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

2

‘வெக்கை’யைக் கிராமத்து நாவல், கரிசல் நாவல், தலித் நாவல் என்றெல்லாம் வாசித்திருக்கிறோம். தன்மேல் தலித் எழுத்தாளர் என்ற முத்திரை விழுவதைப் பூமணி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்ததே. நான் இங்கே அதை ஒரு ‘நுவார்’ நாவலாக வாசிக்கிறேன். மேலைச் சரக்கை இறக்குமதி செய்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

‘நுவார்’ என்றால் பிரெஞ்சில் கறுப்பு. 1945-இல் பாரிசில் கல்லிமார் பதிப்பகம் கறுப்பு அட்டை போட்டுக் குற்ற நாவல் வரிசை ஒன்றைத் தொடங்கியது. மறு வருஷமே நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர், யுத்தம் முடிந்து ஒரேயடியாக வந்திறங்கிய சில ஹாலிவுட் படங்களுக்கு இந்தக் கறுப்புப் பெயரை வைத்தார். இந்த வகையை வழக்கமான துப்பறியும் கதையிலிருந்து பிரிப்பது எது? துப்பறியும் கதையில் குற்றம் என்பது ஒழுங்கில் விழுந்த ஓட்டை. துப்பறிபவன் வந்து அடைப்பான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து நமக்கும் இந்த ஓட்டையடைப்பு இலக்கியம் ஏராளம். நுவாரில் ஓட்டை கிடையாது. ஒழுங்கே அழுகியது. குற்றம் செய்தவனுக்குள்ளிருந்து கதை நகரும். யார் கொன்றது என்று நாம் கேட்பதில்லை. இவன் இனி என்ன ஆவான் என்று கேட்டுக்கொண்டே அவனோடு ஓடுகிறோம்.

ஜேம்ஸ் எம். கெய்னின் நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களின் அமெரிக்கப் பொருளாதார மந்தத்தில் எழுதப்பட்டவை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் எந்தச் சாவுக்கு இரட்டைத் தொகை வரும் என்று கணக்குப் போடுகிற ஏஜெண்ட், சாலையோரச் சாப்பாட்டுக்கடையையும் அதன் முதலாளியின் மனைவியையும் சேர்த்து ஆசைப்படுகிற நாடோடி. எல்லாம் காசுக் கணக்கு. 1944-இல் பில்லி வைல்டர் ‘டபுள் இண்டெம்னிட்டி’யைப் படமாக்கினார். ரேமண்ட் சாண்ட்லர் திரைக்கதையில் கூட நின்றார். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் ஜன்னல் பட்டிகளின் நிழலைக் கதாநாயகனின் உடம்பின் மேல் சிறைக்கம்பி மாதிரி விழச்செய்தார். அந்தப் படத்தில் நிழலும் கணக்கும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிற்பாடு என்ன ஆயிற்று? தொப்பி, சிகரெட் புகை, பட்டி நிழல் மட்டும் தனியே கழன்று வந்தன. சென்ட் விளம்பரத்துக்கும் சட்டை விளம்பரத்துக்கும் போயின. இன்ஷூரன்ஸ் கணக்கு அந்தப் பழைய புத்தகத்திலேயே தங்கிவிட்டது. பாணி கழன்று வரும், கணக்கு வராது. கணக்கைப் புரிந்துகொள்ள முழுக்கதையும் வேண்டும்.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கம். கெய்னின் ‘போஸ்ட்மேன்’ நாவலை (1934) லூக்கினோ விஸ்கோந்தி 1943-இல் இத்தாலியில் எடுத்தார், ‘ஒசெஸ்ஸியோனே’ என்று. முறையாக உரிமை வாங்கவில்லை. பாசிச ஆட்சிக் காலம். கதையைக் கலிஃபோர்னியாவிலிருந்து போ நதிச் சமவெளிக்கு இறக்கினார். அங்கே பட்டி நிழல் கிடையாது. வெயில், புழுதி, வியர்வை, அழுக்குப் பனியன், ஆற்று மணல். நுவாருக்கு இருட்டு கட்டாயமில்லை என்று அந்தப் படம் காட்டியது. வெட்டவெளி வெயிலிலும் கறுப்பு இருக்க முடியும்.

தமிழில் இந்தக் கறுப்பைத் தொட்ட படம் எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954). பாட்டே இல்லை. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த காலம். ஆனால் அங்கும் கடைசியில் ஒரு துப்பறியும் அதிகாரி வந்து நம்மைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அதிகாரியே வராத குற்றக்கதை தமிழில் எழுதப்பட 28 வருஷம் ஆனது. சென்னையில் அல்ல, கோவில்பட்டிக் கரிசலில்.

3

1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிகிற வரைக்கும் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பூமி. தெற்கே தாமிரபரணி. பாபநாசத்தில் இறங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டும் காலுமாகப் போய்க் கடலில் விழுகிற ஆறு. நெல், வாழை, கோயில், மடம். வடக்கே ஆறு தொடாத கறுப்பு மண். மழையை நம்பின பருத்தி, கம்பு, சோளம். பிறகு தீப்பெட்டி ஆபீஸ். பூமணி கோவில்பட்டி பக்கம் ஆண்டிப்பட்டிக்காரர். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். தீப்பெட்டித் தொழிலில் வேகிற பிள்ளைகளை வைத்து ‘கருவேலம் பூக்கள்’ என்று ஒரு படமும் எடுத்தவர். சினிமா தெரியாத எழுத்தாளன் என்று அவரை ஒதுக்க முடியாது.

‘வெக்கை’யின் கதை இரண்டு வரிதான். சிதம்பரம் பதினைந்து வயசுப் பையன். அண்ணனைக் கொன்ற நிலக்காரன் வடக்கூரானை அரிவாளால் வெட்டுகிறான். கையை மட்டும் எடுக்க நினைத்தது, ஆள் போய்விடுகிறது. அய்யாவும் மகனுமாக எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் சரணடைய கோர்ட்டை நோக்கிப் போகிறார்கள். அவ்வளவே.

கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மற்றப் பக்கங்களில் என்ன நடக்கிறது? சாப்பாடு நடக்கிறது. தண்ணி தேடுவது, பாதுகாப்பாகப் படுக்க இடம் பார்ப்பது, சொந்தக்காரர் வழியாகச் சேதி வருவது, பேச்சு. பூமணியின் நாவல் பெரும்பாலும் பேச்சால் ஆனது. அய்யாவும் மகனும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கொலை செய்தவன் இன்னும் சின்னப் பையன் என்பது அவன் பசியிலும் தூக்கத்திலும் தெரிந்துகொண்டே இருக்கிறது. ‘ஏன் வெட்டினாய்’ என்று யாரும் அவனை நிறுத்திவைத்துக் கேட்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது கேள்வியே அல்ல. ‘சாப்பிட்டியா’ என்பதுதான் கேள்வி.

நுவாரின் இலக்கணம் இங்கே ஒரு இடத்தில் தலைகீழாகிறது. கெய்னின் குற்றவாளி தனியன். அவன் பிரதியில் நம்பிக்கை என்பதே கிடையாது. காதலி காட்டிக்கொடுப்பாள், கூட்டாளி ஏமாற்றுவான். ‘வெக்கை’யில் போலீசும் நிலக்காரனும் அழுகினதுதான், ஆனால் குற்றம் செய்தவன் தனியன் அல்ல. மாமன், அத்தை, ஆத்தா என்று ஒரு வலை அவனைத் தாங்குகிறது. இந்த உறவு வலைக்குள்தான் வாசகனும் சேர்க்கப்படுகிறான். சோறு கொண்டுவருகிறவர்களோடு நாமும் நிற்கிறோம். தீர்ப்புச் சொல்ல யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. உடந்தையாக இருக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

நாவலில் சாதிப் பெயர் வராது. இதைப் பலர் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். 1990-களில் தலித் இலக்கியம் பற்றிச் சூடாகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் நானும் சொல்லியிருக்கிறேன், மேடையிலேயே. இப்போது வேறு மாதிரிப் படுகிறது. ஒரு கொலையில் சாதிப் பெயரை எழுதுவது யார்? முதல் தகவல் அறிக்கை எழுதுகிற ஏட்டு. அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் அரசுக்குக் கதை புரியும். ஓடுகிற பையன் தன் சாதிப் பெயரைத் தனக்கே சொல்லிக்கொள்ள மாட்டான். அவனுக்கு அது நிலத்தின் எல்லையாக, கிணற்றின் வரப்பாக, அண்ணனின் பிணமாகத் தெரியும். பூமணி அந்தக் கட்டத்தை நிரப்ப மறுக்கிறார். இந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும் நிஜம். வெளியூர் வாசகன் இதை வெறும் பங்காளிப் பகையாகவும் படித்துவிட்டுப் போகலாம், போயிருக்கிறான். அந்த விலையைத்தான் படம் கட்ட வந்தது.

4

வெற்றிமாறனின் ‘அசுரன்’ 2019 அக்டோபர் 4-ஆம் தேதி வந்தது. நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் முதல் வாரத்திலேயே பார்த்தேன். நானும் விசிலடித்தேன். இதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது யோக்கியம் இல்லை.

படம் நாவலைப் போலவே கொலைக்குப் பிறகு தொடங்குகிறது. ராத்திரி, தண்ணீர், தண்ணீரில் நிலா. அதைக் கலைத்துக்கொண்டு அப்பனும் மகனும் நடக்கிறார்கள். வேல்ராஜின் ஒளிப்பதிவு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ‘வெக்கை’ என்று பெயர் வைத்த நாவலுக்குள் படம் கொண்டுவந்த முதல் பொருள் குளிர்ந்த இருட்டு. அதாவது நிழல். அந்த நொடியிலேயே நாம் ‘பாணி’க்குள் வந்துவிட்டோம்.

படம் சேர்த்தவற்றை முதலில் சொல்ல வேண்டும், அவை பெரிய விஷயங்கள். நாவல் பெயர் சொல்லாத இடத்தில் படம் பெயர் சொன்னது. பஞ்சமி நிலம் என்ற சொல்லைக் கோடிக்கணக்கான ஜனங்களின் காதில் போட்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதின அறிக்கையை ஒட்டி, 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. பிறருக்கு விற்கக்கூடாது என்று விதி. இருந்தும் கை மாறிப்போன நிலம். நம் ஆய்வாளர்களும் இயக்கத்தார்களும் நூறு துண்டறிக்கையில் எழுதியும் போய்ச்சேராத சொல்லை ஒரு கமர்ஷியல் படம் கொண்டுபோய்ச் சேர்த்தது. செருப்புப் போட்டு நடந்ததற்காக அவமானப்படுத்தப்படுகிற பெண்ணைக் காட்டியது. சிவசாமியின் பழைய கதையில் குடிசைகள் எரிகிறபோது, 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தது யாருக்கும் ஞாபகம் வராமல் போகாது.

இந்தப் படத்தில் என்னை இன்றும் தொந்தரவு செய்கிற காட்சி சண்டை அல்ல. மூத்த மகனை விடுவிக்க வேண்டி, சிவசாமி எதிர் ஊரில் ஒவ்வொருவன் காலிலும் விழுந்துகொண்டே போவது. அங்கே பாணி கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. ஒரு கால், அடுத்த கால், அதற்கடுத்த கால். இது கணக்கு. கெய்னின் இன்ஷூரன்ஸ் கணக்கு மாதிரி, மரியாதை என்பது எத்தனை தடவை குனிவது என்று எண்ணிக் காட்டுகிற கணக்கு. கவனித்துப் பாருங்கள், இந்தக் காட்சியை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை.

இனி படம் எடுத்துக்கொண்டவை. நாவலின் தன்னிலை சிதம்பரம். படத்தின் தன்னிலை சிவசாமி. நட்சத்திரம் தனுஷ் என்பதால் மையம் அப்பனுக்கு நகர்ந்தாக வேண்டும். இது வியாபார நிர்ப்பந்தம் மட்டும் அல்ல, கதையாடலின் தர்க்கத்தையே மாற்றுகிறது. நாவலின் அய்யா மகனின் செயலுக்குத் துணை. படத்தின் அப்பன் முதலில் கோழையாகத் தெரிய வேண்டும், மகன் அவனை வெறுக்க வேண்டும், பிறகு ஈட்டி ஓங்க வேண்டும், பிறகு முன்கதை வந்து அவன் யார் என்று விளங்க வேண்டும். இந்த அமைப்பு நமக்குப் பழக்கமானது. ‘பாட்ஷா’வில் (1995) ஆட்டோக்காரன் அடி வாங்கிக்கொண்டே நிற்கிறபோது நாம் எதற்குக் காத்திருந்தோம்? அதே காத்திருப்பு. இங்கே நியாயமான காரணத்தோடு.

முடிவில் சிவசாமி மகன் செய்த கொலையையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டு சரணடைகிறான். மகனுக்குப் படிக்கச் சொல்லிப் புத்தி சொல்கிறான். உருக்கமான இடம், தியேட்டரில் பெண்கள் அழுததைப் பார்த்தேன். ஆனால் என்ன நடந்திருக்கிறது? சிதம்பரத்தின் செயல் அவனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பூமணியின் பையன் தன் கொலையைத் தானே சுமந்து கோர்ட்டுக்குப் போகிறான். படத்தின் பையன் மன்னிக்கப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். முன்கதை, நிலம், தீ எல்லாம் சேர்ந்து பார்வையாளனுக்கு முன்னால் ஒரு வழக்கைக் கட்டி எழுப்புகின்றன. நாம் ஜூரிகள் ஆகிறோம். ‘நியாயம்தான், அடி’ என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். நாவல் நம்மை உடந்தை ஆக்கியது, படம் நீதிபதி ஆக்கியது. தீர்ப்புச் சொன்னவன் வீட்டுக்குப் போய்விடலாம். உடந்தையாக இருந்தவனால் அப்படிப் போக முடியாது.

கழன்று வந்த அந்த ஈட்டிக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ‘நியாயம்தான், அடி’ என்ற உணர்ச்சிக்கு எதிராளியின் முகவரி தேவையில்லை. ஒவ்வொரு சாதியிடமும் அதற்கென்று ஒரு முன்கதை, ஒரு அவமானம், ஒரு தீ தயாராக இருக்கிறது. நிஜமோ பொய்யோ, இருக்கிறது. பாட்டை மட்டும் மாற்றினால் போதும். நிலம் என்ற கணக்கு படத்தோடு தங்கிவிடுகிறது. ஈட்டி மட்டும் ஊர் ஊராகப் போகிறது.

நிலம்கூடக் கழன்றது என்பதுதான் வேடிக்கை. படம் வந்த அதே மாதம் நாங்குநேரி இடைத்தேர்தல். தி.மு.க. தலைவர் ஸ்டாலின் படத்தைப் பார்த்துப் பாராட்டினார். பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் சென்னையில் முரசொலி அலுவலகம் இருக்கிற மனையே பஞ்சமி நிலம்தானே என்று கேட்டார். அவ்வளவுதான், தமிழ்நாடு முழுக்கக் கைமாறிப்போன நிலம் பற்றிய பேச்சு ஒரே ஒரு கட்டிடத்து மனைப் பேச்சாகச் சுருங்கிப்போனது. இரண்டு தரப்பும் அறிக்கை விட்டன. இடைத்தேர்தல் நடந்த அந்தத் தொகுதியில் யார் நிலம் யாரிடம் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கக் காணோம்.

5

படம் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு சுலோசன முதலியார் பாலம் வழியாக. 1843-இல் கட்டின பாலம். கீழே தாமிரபரணி, பக்கத்தில் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். இந்த இடத்தை ஒரு குற்றக்கதையின் களமாக நினைக்காமல் கடக்க எனக்கு முடியாது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும் கைதானவர்களை விடுதலை செய்யச் சொல்லியும் ஊர்வலம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் போலீஸ் தடியடி. ஓடினவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்தது. பெரும்பாலான சாவுகள் நீரில் மூழ்கியதால் என்ற கணக்கில் போய்ச்சேர்ந்தன. மூழ்கினது சரி, ஆற்றுக்குள் துரத்தினது யார்? நுவார் கேட்கிற கேள்வி இதுதான். துப்பறியும் அதிகாரியே துரத்தினவனாக இருந்தால் கதையை யார் முடித்துவைப்பது? காஞ்சனை சீனிவாசனின் ஆவணப்படம் அதைக் கேட்டது. அந்தப் படத்தில் இருக்கிற காமிராவுக்குப் பாணி கிடையாது. கை நடுங்குகிறது, தூரத்தில் நிற்கிறது, தண்ணீருக்குள் தலைகள் தெரிகின்றன. அதிலிருந்து ஒரு நொடியைக்கூட வெட்டி எடுத்துச் சாதிப் பாட்டுப் போட முடியாது. அந்தத் தண்ணீருக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது.

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1995 ஆகஸ்ட் 31-இல், கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளையும் பண்ட பாத்திரங்களையும் நொறுக்கியது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) அதை நினைத்து எடுக்கப்பட்ட படம் என்பது வெளிப்படை. அந்தப் படத்தில் முதலில் போட்டிருந்த ஆண்டுக் குறிப்பு எதிர்ப்பு வந்த பிறகு ‘90-களின் பிற்பகுதி’ என்று தளர்த்தப்பட்டதையும் ஞாபகம் வைக்க வேண்டும். ஆண்டு என்பதும் முகவரிதான். அது தளர்ந்தால் குற்றமும் தளரும்.

இப்போது ‘வெக்கை’யின் முடிவுக்குத் திரும்பி வாருங்கள். கோர்ட்டை நோக்கி நடக்கிற இரண்டு பேர். இதை நான் பல வருஷம் நம்பிக்கை என்று வாசித்தேன். சட்டத்தின்மேல் பூமணிக்கு நம்பிக்கை என்று. இந்தப் பாலத்தின் மேல் நின்று யோசித்தால் அப்படி வாசிக்க முடியவில்லை. வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றம் நிலக்காரர் தரப்பை விடுவித்ததும் தெரியும், கமிஷன்களும் தெரியும். ஆனாலும் அந்த இருவரும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. போலீஸ் கையில் சிக்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். கோர்ட்டுக்குள் போய் நின்றால் உயிராவது மிஞ்சும். எட்டு நாள் ஒளிந்தது போலீசுக்குத் தப்பி நீதிபதி முன்னால் நேரில் போய் நிற்பதற்குத்தான். அந்தக் காலத்துக் கிராமத்து ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு இது. சட்டத்தின்மேல் நம்பிக்கையால் வந்தது அல்ல, சட்டத்தின் இரண்டு கைகளில் எது முதலில் அடிக்கும் என்ற அனுபவ அறிவு. இதைப் படத்தின் உருக்கமான முடிவு அழித்துவிடுகிறது. சிவசாமியின் சரணாகதி தியாகமாகிவிட்டது. தியாகத்தில் கணக்கு மறைந்துபோகும்.

6

டீக்கடைப் பையனிடம் நான் உபதேசம் செய்யவில்லை. செய்து பிரயோஜனமும் இல்லை. ஆனால் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. பிறகு அரசு, நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு அமைத்தது. 2024-இல் அறிக்கையும் வந்தது. சிவசாமி மகனுக்குச் சொன்ன புத்தி என்ன? படிப்பை யாரும் பறிக்க முடியாது என்பதுதானே சாரம். நாங்குநேரியில் வெட்டு விழுந்ததே அந்தப் படிப்பின்மேல்தான். அரிவாள் பிடித்த கைகளின் வயசோ சிதம்பரத்தின் வயசுக்குப் பக்கத்து வயசு. ‘அடிக்கவன் நம்மாளுதான்’ என்ற வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

படம் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது போலீஸ்காரன் வேலை. சாதிக் கயிறும் சாதிப் பாட்டும் ‘அசுர’னுக்கு முன்னாலும் இருந்தன. நான் சொல்லுவது வேறு. ஒடுக்கப்பட்டவனின் வன்முறைக்கும் ஒடுக்குகிறவனின் வன்முறைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஈட்டியின் வளைவில் இல்லை, வெட்டின் வேகத்தில் இல்லை. வெட்டுக்குப் பிந்தின எட்டு நாளில் இருக்கிறது. யாருக்குச் சோறு வருகிறது, யார் ஒளிய வேண்டியிருக்கிறது, யாருக்காக போலீஸ் தேடுகிறது, யார் நிலம் காத்துக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது. பாணி வெட்டை எடுத்துக்கொண்டு எட்டு நாளைப் பின்னணி ஆக்குகிறபோது அந்த வித்தியாசம் மங்கிப்போகிறது. அப்புறம் இரண்டு வெட்டும் திரையில் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

‘அப்படியானால் பாணியே கூடாதா, எல்லாரும் ஆவணப்படம்தான் எடுக்க வேண்டுமா’ என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். இல்லை. காலில் விழுகிற காட்சியை எடுத்ததும் இதே இயக்குநர்தான், இதே படத்தில்தான். விஸ்கோந்தி ஆற்றுச் சமவெளி வெயிலில் செய்து காட்டியதும் பாணிதான். கேட்க வேண்டிய கேள்வி, இந்த அழகு கதையின் கணக்கோடு கட்டுண்டு கிடக்கிறதா, கழன்று ஓடத் தயாராக நிற்கிறதா என்பதே. ‘அசுரன்’ இரண்டும்தான். அதனால்தான் இவ்வளவு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. மோசமான படமாக இருந்தால் ஒரு பத்தி போதும்.

அந்தப் பையனுக்கு நான் ‘வெக்கை’யின் ஒரு பிரதி கொடுத்தேன். போன வாரம் மறுபடியும் அதே டீக்கடையில் பார்த்தேன்.

“படிச்சியாலே?”

“பாதி ஆயிருக்கு அண்ணாச்சி. சண்டையே வரக் காணும். சும்மா நடக்காங்க, திங்காங்க, பேசுதாங்க.”

“பிடிக்கலையா?”

“அப்பிடி இல்ல.” டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். “அந்தப் பையனுக்குப் பசிக்கும்போதுதான் ஒரு மாதிரி இருக்கு.”

மீதிப் பாதியையும் அவன் படிப்பானா என்று தெரியாது. நான் கேட்டுத் துரத்தப்போவதில்லை. பாட்டுப் போட முடியாத ஒரு இடத்துக்கு அவன் வந்திருக்கிறான்.